கீசர் பழுதானால் பில் யாருக்கு? வாடகை வீட்டுச் சாதனங்களும் ஆறு ஏற்பாடுகளும்

முன்புறக் கதவுள்ள வாஷிங் மெஷினின் முன்பக்கத்தில், தரையை ஒட்டி, உள்ளங்கை அளவில் ஒரு மூடி இருக்கும். பல ஆண்டுகள் அதே மெஷினில் துவைத்தவர்கள்கூட அதைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள், நானும் பார்த்ததில்லை. வந்த மெக்கானிக் ஒரு தட்டை அண்டக்கொடுத்து மூடியைத் திருகினார். கறுத்த தண்ணீர் வழிந்தது. விரலை உள்ளே விட்டுத் துழாவி ஒரு நாணயம், ஒரு சட்டைப் பொத்தான், நூலும் தலைமுடியுமாகத் திரண்ட ஓர் உருண்டை என மூன்றையும் எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். "பம்புக்கு ஒன்றும் இல்லை சார், அடைப்புதான்" என்றார். அதற்கு முந்தைய நான்கு நாட்களாக நானும் வீட்டு உரிமையாளரும் தொலைபேசியில் வாதாடிக்கொண்டிருந்தது, அந்தப் பம்பை மாற்றும் செலவு யார் தலையில் என்பதைப் பற்றி.

பம்ப் பிழைத்துவிட்டதால் மிஞ்சியது மெக்கானிக்கின் கூலி மட்டும். அதை யார் கொடுப்பது? மெஷின் வீட்டோடு வந்தது. நாணயம் என் சட்டைப்பையிலிருந்து விழுந்ததா, எனக்கு முன் குடியிருந்தவருடையதா என்று சொல்ல வழியே இல்லை. ஆளுக்குப் பாதி என்று முடித்துக்கொண்டோம். இருவருக்கும் ஏமாந்துபோன உணர்வு. பாதிக்குப் பாதி என்பது கேட்பதற்கு நியாயமாக இருக்கும். பெரும்பாலும் அது வாதாடிக் களைத்தவர்கள் போடும் கணக்கு.

சில ஆண்டுகள் கழித்து எனக்கே வாடகைக்கு விட ஒரு வீடு அமைந்தது. மறுமுனையில் நின்று அதே தொலைபேசி அழைப்பை எடுத்தபோது, அந்த உரிமையாளர் அன்று ஏன் அவ்வளவு முரண்டு பிடித்தார் என்பது பாதியாவது புரிந்தது. இரண்டு பக்கமும் நின்றவன் என்ற தைரியத்தில்தான், ஒப்பந்தத்தில் வைக்கக்கூடிய ஏற்பாடுகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

சட்டத்தைக் கேட்டால் தெளிவு கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் கீசரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் உரிமையாளர், குடியிருப்போர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, ஏழு ஆண்டுக்குக் குறைவான குத்தகைகளில், வெந்நீர் தரும் அமைப்பையும் அறையைச் சூடாக்கும் அமைப்பையும் இயங்கும் நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளரிடம் கொடுக்கிறது. இந்தியாவில் 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம் அப்படியே எதிர்த்திசையில் போகிறது. அதன் இரண்டாம் அட்டவணையில் நீர்க்குழாய்களை மாற்றுவதும் மின்கம்பி வேலையும் உரிமையாளர் பக்கம்; குழாய் வாஷர், ஸ்விட்ச், வாஷ்பேசின், கீசர் எல்லாம் குடியிருப்பவர் பக்கம். ஒரே கீசருக்கு இரண்டு சட்டங்களில் இரண்டு பதில்கள். மாதிரிச் சட்டம் என்பதால் மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் அதில் இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அந்த இங்கிலாந்துப் பிரிவில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. தண்ணீரும் எரிவாயுவும் மின்சாரமும் வீட்டுக்குள் வந்து சேரும் அமைப்புக்கு உரிமையாளர் பொறுப்பு. அவற்றைப் பயன்படுத்தும் மற்றச் சாதனங்களுக்குப் பொறுப்பில்லை என்று அது விலக்கி வைக்கிறது. சுவருக்குள் ஓடும் கம்பி அவருடைய கடமை, அந்தக் கம்பியின் முனையில் செருகிய ஃப்ரிட்ஜ் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சாதனங்கள் விஷயத்தில் பெரும்பாலான தகராறுகள் இந்த இடைவெளியில்தான் விழுகின்றன. சட்டம் சுவரோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு நீங்கள் எழுதிக்கொண்டதுதான் சட்டம்.

எனவே எந்த ஏற்பாட்டைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி. பழுதாகும் நாளில் முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது, கம்பெனி உதிரி பாகமா மலிவான மாற்றா, பழுது பார்ப்பதா புதிதே வாங்குவதா என்று தீர்மானிப்பவரும் பில்லைக் கொடுப்பவரும் ஒருவராகவே இருந்தால் விஷயம் இரண்டு நாளில் முடிகிறது. இரண்டும் வேறு வேறு ஆளிடம் இருந்தால் நான்கு நாள் தொலைபேசிதான்.

எல்லாம் உரிமையாளருக்கே

குடியிருப்பவர்களுக்குப் பிடித்த ஏற்பாடு இது. இதன் தர்க்கமும் வலுவானது. ஃப்ரிட்ஜும் கீசரும் இருப்பதைச் சொல்லித்தான் வாடகை கூட்டிக் கேட்கப்பட்டது. அந்தக் கூடுதல் தொகை அவை இயங்குவதற்கான விலை. மாற்றிய கம்ப்ரஸர் குடியிருப்பவர் போன பிறகும் உரிமையாளருக்கே உழைக்கும். ஜெர்மனியின் உரிமையியல் சட்டத் தொகுப்பின் 535ஆவது பிரிவு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. வாடகைக்கு விட்ட பொருளைக் காலம் முழுவதும் பயன்படுத்தத் தக்க நிலையில் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. ஒப்பந்தப்படி பயன்படுத்தியதால் வந்த தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை என்று 538ஆவது பிரிவு தனியாகவே சொல்கிறது.

குறை எங்கே என்றால், வேகத்தில். பணம் கொடுப்பவர் ஒருவர், பச்சைத் தண்ணீரில் குளிப்பவர் இன்னொருவர். முதலாமவருக்கு அவசரமில்லை. "என் ஆள் ஒருவர் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்" என்பார். அந்த ஆள் எந்த ஞாயிற்றுக்கிழமை வருவார் என்பது அவருக்கே தெரியாது. வந்தாலும் மலிவான பாகத்தைப் போட்டு ஒப்பேற்றிவிட்டுப் போவார், மூன்று மாதத்தில் அதே பழுது திரும்ப வரும். ஆகவே இந்த ஏற்பாட்டில் குடியிருப்பவர் காசுக்காகப் பேரம் பேச வேண்டியதில்லை, நாளுக்காகப் பேச வேண்டும். தகவல் தெரிவித்து இத்தனை நாளுக்குள் வேலை நடக்காவிட்டால் நானே செய்து வாடகையில் கழித்துக்கொள்வேன் என்ற ஒரு வரி இல்லாமல் இதில் கையெழுத்திட்டால், பாதி உரிமைதான் கையில் இருக்கிறது.

உரிமையாளர் பக்கமும் ஒரு நியாயமான எரிச்சல் உண்டு. மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று ஒருவர் எனக்கு இரவு பத்து மணிக்கு அழைத்தார். மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். தீப்பெட்டி அளவுகூட இல்லாத பாகம். அதை மாற்ற எலெக்ட்ரீஷியனைத் தேடி, நேரம் பேசி, அவர் வந்தாரா என்று விசாரித்து நான் செலவழித்த நேரத்தின் மதிப்பு பாகத்தின் விலையைவிடப் பல மடங்கு. எல்லாமே உரிமையாளருக்கு என்றால் இப்படிப்பட்ட அழைப்புகளும் எல்லாமே அவருக்குத்தான்.

எல்லாம் குடியிருப்பவருக்கே

ஒப்பந்தத்தில் இது பெரும்பாலும் ஒரே வரியில் நுழையும்: "சாதனங்கள் இருக்கிற நிலையில் ஒப்படைக்கப்படுகின்றன." கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் நிறுத்தி யோசிப்பதில்லை. ஆனால் அந்த வரிக்கு இரண்டு பொருள் உண்டு, இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது.

முதல் பொருள்: ஃப்ரிட்ஜ் ஓடும்வரை பயன்படுத்திக்கொள்ளுங்கள், நின்றுபோனால் நான் சரிசெய்து தர மாட்டேன், உங்களையும் கேட்க மாட்டேன். இரண்டாம் பொருள்: ஓடுகிற ஃப்ரிட்ஜைக் கொடுத்தேன், காலி செய்யும்போது ஓடுகிற ஃப்ரிட்ஜைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். முதலாவதில் குடியிருப்பவர் இழப்பது வசதியை மட்டும். இரண்டாவதில் அவர் அடுத்தவர் சொத்துக்குக் காப்பீட்டாளராகவே ஆகிவிடுகிறார், பிரீமியம் வாங்காமல். எட்டு வயதான கம்ப்ரஸர் அவர் குடியேறிய எட்டாம் மாதத்தில் மூச்சை விட்டால், எட்டு ஆண்டு உழைப்பின் தேய்மானம் முழுவதும் எட்டு மாதக்காரர் தலையில் விழும். இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

அப்படியானால் இந்த ஏற்பாட்டை அறவே ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டாம். நீண்ட காலம் இருக்கப் போகிறீர்கள், வாடகை அக்கம்பக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி குறைவு, முடிவுகளை நீங்களே எடுக்க விரும்புகிறீர்கள் என்றால் இது வேலை செய்யும். ஒரே நிபந்தனை, முதல் பொருளில் எழுதுங்கள். பழுதாகிவிட்ட சாதனத்தை ஓரமாக வைத்துவிட்டு, "இதை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேண்டாம்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு வேண்டும். அந்த உரிமை இல்லாத குறைந்த வாடகை, குறைந்த வாடகையே அல்ல.

வரம்பு வைத்துக்கொள்வது

எனக்குப் பிடித்த ஏற்பாடு இது. ஆனால் அரைகுறையாக எழுதினால் மற்ற எல்லாவற்றையும்விட மோசமாகப் போவதும் இதுதான். சொல்ல எளிது: குறிப்பிட்ட தொகைக்குள் முடியும் சின்னப் பழுது குடியிருப்பவருக்கு, அதற்கு மேல் உரிமையாளருக்கு. கெப்பாசிட்டருக்காக இரவு பத்து மணிக்கு யாரும் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கம்ப்ரஸருக்காகக் குடியிருப்பவர் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை ஏ.சி. காட்டிக்கொடுக்கும். "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்று டெக்னீஷியன் சொல்வார். ஏ.சி.யின் குளிரூட்டும் வாயு, அடுப்பில் எரிகிற எரிவாயுபோலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடி அடைக்காமல் நிரப்பிவிட்டுப் போனால் அடுத்த கோடையில் மறுபடியும் குறையும். வெறுமனே நிரப்புவதற்கான கூலி வரம்புக்குள் வரும். கசிவைக் கண்டுபிடித்துக் காயிலை மாற்றும் செலவு வரம்பைத் தாண்டும். இந்த இடத்தில் உரிமையாளருக்கு ஓர் ஆசை பிறக்கிறது: நிரப்பிக்கொள்ளுங்கள், அது சின்னச் செலவுதானே. ஒவ்வொரு கோடையும் சின்னச் செலவு. மூன்று கோடைகள் கழித்துக் கூட்டிப் பார்த்தால் காயிலே வாங்கியிருக்கலாம்.

ஜெர்மானிய நீதிமன்றங்கள் இந்த ஓட்டையை நெடுங்காலத்துக்கு முன்பே பார்த்துவிட்டன. 1989இல் அந்த நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், சிறு பழுதுச் செலவைக் குடியிருப்பவரிடம் தள்ளும் ஒப்பந்த வரிகளுக்கு எல்லை வகுத்தது. குடியிருப்பவர் அடிக்கடி கைவைக்கும் பொருட்களுக்கு மட்டும்தான் அந்த வரி செல்லும். தொகைக்கு உச்சவரம்பு வேண்டும். ஒரே காலகட்டத்தில் பல சின்னப் பழுதுகள் சேர்ந்தாலும் மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். பெரிய பழுதில் ஒரு பங்கு கொடு என்று கேட்கவும் கூடாது. சின்னப் பழுது என்றால் சின்னப் பழுது மட்டுமே. குழாய்த் திருகும் ஸ்விட்ச்சும் தினமும் கைபடும் பொருட்கள், சுவருக்குள் ஓடும் குழாய் அப்படியல்ல என்ற பிரிவினையில் நல்ல பொதுப்புத்தி இருக்கிறது. கைபடும் இடத்தில் கவனமாக இருக்க முடியும், கைபடாத இடத்தில் கவனமாக இருந்து என்ன பயன்?

பெரிய பழுதில் பங்கு கேட்கக் கூடாது என்ற அம்சத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பில் வரம்பைத் தாண்டிவிட்டால் முழுத்தொகையும் உரிமையாளருக்கா, தாண்டிய மிச்சம் மட்டும் உரிமையாளருக்கா? பல ஒப்பந்தங்கள் இதைச் சொல்வதே இல்லை. முழுத்தொகை என்று வைத்தால், வரம்பை ஒட்டி வரும் பில்கள் வினோதமாக நடந்துகொள்ளும். மெக்கானிக் குடியிருப்பவருக்குத் தெரிந்தவர் என்றால் சற்று மேலே நிற்கும், உரிமையாளருக்குத் தெரிந்தவர் என்றால் சற்றுக் கீழே. மிச்சம் மட்டும் என்று வைத்தால் அந்த விளையாட்டு இல்லை, ஆனால் ஒவ்வொரு பெரிய பழுதிலும் குடியிருப்பவரும் ஒரு பங்கு அழ வேண்டும். குடியிருப்பவனாக இருந்தால் முதலாவதைக் கேட்பேன். உரிமையாளனாக இருந்தபோதும் முதலாவதைத்தான் கொடுத்தேன். கூடவே, பழுதைத் திறந்து பார்த்து மதிப்பீடு வந்ததும், வேலை தொடங்குவதற்கு முன், இருவருக்கும் அதை அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். அதன் பிறகு வினோதமான பில் வரவில்லை.

எவ்வளவு வைப்பது என்று கேட்டால், தொகையாக எழுதாமல் வாடகையின் பங்காக எழுதுவது நல்லது. வாடகை ஏறும்போது தானாக ஏறிக்கொள்ளும். ஒரு பழுதுக்கு மாத வாடகையில் பத்தில் ஒரு பங்கு, ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அரை மாத வாடகை. இது என் கணக்கு. உங்கள் வீட்டில் எத்தனை சாதனங்கள், எவ்வளவு பழையவை என்று பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

காரணம் பார்த்துப் பிரிப்பது

தேய்மானத்தால் வந்த பழுது உரிமையாளருக்கு, தவறான உபயோகத்தால் வந்த பழுது குடியிருப்பவருக்கு. இதைவிட நியாயமான கொள்கை இல்லை. இதைவிட நடைமுறைப்படுத்தக் கடினமானதும் இல்லை.

சில பழுதுகள் தாமாகவே வாக்குமூலம் கொடுத்துவிடும். ஃப்ரீசரில் பனி இறுகிப்போனால் பொறுமையில்லாதவர்கள் கத்தியை எடுத்துக் கிண்டுவார்கள். பனிக்குப் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடு, அதற்குள் வாயு ஓடும் குழாய். முனை பட்டவுடன் உஸ்ஸென்று ஒரு சத்தம். சில நொடிகளில் ஃப்ரிட்ஜின் ஆயுள் முடிந்தது. தகட்டில் கத்தித் தடம் அப்படியே நிற்கும். இதில் யாரும் வாதாட முடியாது.

கீசர் அப்படிப் பேசாது. சேமிப்புத் தொட்டி உள்ள கீசரின் உள்ளே மெக்னீசியத் தண்டு ஒன்று தொங்குகிறது. தொட்டியின் இரும்பை அரிக்க வரும் நீர் முதலில் இதை அரித்துத் தின்னட்டும் என்பதற்காகவே வைத்த பலியாடு. தண்டு கரைந்து முடிந்தபின் அரிப்பு தொட்டிக்குத் திரும்புகிறது. கடின நீரானால் அதன் உப்பு சூடேற்றும் கம்பிமேல் சுண்ணாம்பாகப் படிந்து, வெப்பம் நீருக்குப் போகாமல் தடுக்கிறது. கம்பி தானே வெந்து அறுந்துபோகிறது. இதில் குடியிருப்பவரின் தவறு எங்கே? "நாள் முழுவதும் ஓடவிட்டிருப்பார்கள்" என்பார் உரிமையாளர். ஓட்டியிருக்கலாம். ஆனால் தண்டைக் கழற்றிப் பார்த்து மாற்றுவது குடியிருப்பவர் கண்ணுக்கு எட்டிய வேலையே அல்ல. கம்பியில் சுண்ணாம்பு படிந்திருந்தால் அது தேய்மானம், உரிமையாளர் செலவு என்பதே என் தீர்ப்பு. தொட்டியில் நீர் இல்லாமல் ஸ்விட்சைப் போட்டுக் கம்பி கருகியிருந்தால் மட்டும் வேறு பேச்சு.

மின்னழுத்தம் ஏறி இறங்கிச் சர்க்யூட் போர்டு எரிந்தால்? அது இருவர் தவறும் இல்லை. ஸ்டெபிலைசர் பொருத்தாததற்கு உரிமையாளரைச் சொல்லலாம்; பொருத்தியிருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி வைத்துவிட்டு நேராகச் செருகியிருந்தால் குடியிருப்பவரைச் சொல்லலாம். கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம், தீர்ப்பு மெக்கானிக்கின் வாயில் இருப்பது. அழைத்தவர் பக்கம் சாய்வது அவருக்கு இயல்பு. அடுத்த வேலையையும் அவர்தானே கொடுக்கப்போகிறார். "தவறாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்" என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வதை ஏற்காதீர்கள். எந்தப் பாகம் போனது, அது எப்படிப் போயிருக்கும் என்ற இரண்டையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் பாதிக் குற்றச்சாட்டுகள் தேய்மானமாக மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

தவறு குடியிருப்பவருடையதுதான் என்று உறுதியானாலும் கணக்கு அதோடு முடியவில்லை. கத்தி பட்ட ஃப்ரிட்ஜுக்குப் பதில் புதிய ஃப்ரிட்ஜின் முழு விலையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பரவலான வழக்கம், தவறான வழக்கமும்கூட. பத்து ஆண்டு உழைக்கக்கூடிய ஃப்ரிட்ஜ் ஏழாம் ஆண்டு முடிவில் உடைந்தது என்றால், உரிமையாளர் இழந்தது மூன்று ஆண்டு உபயோகம். புதியதன் விலை 100 பங்கு என்றால் அவருக்கு வரவேண்டியது 30 பங்கு. மிச்ச 70 பங்கு ஏற்கெனவே வாடகையாக அவர் கைக்கு வந்துவிட்டது. பிரான்ஸில் இதற்கென்றே தேய்மான அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றை ஒப்பந்தத்தோடு இணைத்துக்கொள்வதற்கு 2016இல் ஓர் அரசாணையும் வந்தது. நமக்கு அட்டவணை வேண்டாம். ஒவ்வொரு சாதனமும் வாங்கிய ஆண்டு ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் எழுதியிருந்தால் போதும், கழித்தல் கணக்கு யாருக்கும் வரும்.

பராமரிப்பு ஒப்பந்தமும் வெறும் வீடும்

மீதி இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உரிமையாளர் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்து அதன் செலவை வாடகையில் சேர்த்துக்கொள்வது ஒரு வழி. அடிக்கடி சுத்தம் செய்யவேண்டிய ஏ.சி.க்கும் குடிநீர் சுத்திகரிப்பானுக்கும் இது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் ஒருவர் கையும் படாமல் ஓடும் ஃப்ரிட்ஜுக்கு இது தண்டச் செலவு. உதிரி பாகம் சேர்ந்ததா, சேராததா என்பதை முதலில் பாருங்கள். சேராத ஒப்பந்தம் என்றால் அது மெக்கானிக்கின் வருகைக்கு மட்டும் கட்டும் சந்தா. வாரன்ட்டி காலத்தில் இருக்கும் சாதனத்தை வெளியாளைக் கூப்பிட்டுத் திறக்கக் கூடாது என்பதும் இங்கே நினைவில் இருக்க வேண்டும். வாரன்ட்டி அட்டை உரிமையாளர் அலமாரியில், அவசரம் குடியிருப்பவர் வீட்டில் என்றால் இந்தத் தவறு எளிதில் நடக்கும். அட்டையின் படம் ஒன்று குடியிருப்பவர் கைபேசியில் இருக்கட்டும்.

இன்னொரு வழி, வெறும் வீட்டை வாடகைக்கு எடுத்து உங்கள் சாதனங்களைக் கொண்டுவருவது. யார் செலவு என்ற கேள்வியே எழாது. ஆண்டுக்கொரு முறை வீடு மாறுபவருக்கு ஏற்றி இறக்கும் கூலியும் வழியில் விழும் அடியும் சேர்ந்து சாதனத்தின் விலையைத் தின்றுவிடும். ஐந்தாறு ஆண்டு ஒரே இடத்தில் இருப்பவருக்கு இதுவே மலிவு. சட்டம் சில இடங்களில் இந்த வழியைச் சுருக்கிக்கொண்டு வருகிறது. கலிபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் போடப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் வாடகை ஒப்பந்தங்களில் அடுப்பும் ஃப்ரிட்ஜும் வாடகை வீட்டில் இருந்தாக வேண்டியவை. ஆனாலும் விருப்பப்பட்ட குடியிருப்பவர் சொந்த ஃப்ரிட்ஜைக் கொண்டுவர அங்கேயும் இடம் வைத்திருக்கிறார்கள்.

யாருக்கு எது

ஓராண்டு, பதினொரு மாதம் என்று குறுகிய காலம் தங்குபவர், சாதனங்களோடு கூடிய வீட்டை எடுத்தால், எல்லாம் உரிமையாளருக்கு என்பதைவிடக் குறைந்த எதற்கும் இறங்க வேண்டாம். அவர் உபயோகிக்கப்போவது சாதனத்தின் ஆயுளில் ஒரு சின்னத் துண்டு. நாள் வரம்பை மட்டும் மறக்காமல் எழுத வேண்டும். இரண்டு ஆண்டுக்கு மேல் என்றால் வரம்பு ஏற்பாடு, அதோடு காரணம் பார்க்கும் ஒரே ஒரு விதிவிலக்கு: கத்தித் தடம்போலக் கண்ணுக்குத் தெரியும் சேதம் என்றால் வரம்பு செல்லாது, தேய்மானம் கழித்துக் குடியிருப்பவர் கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் கலந்து எழுதிய ஒப்பந்தத்தைத்தான் என் வீட்டுக்கு இப்போது வைத்திருக்கிறேன். சாதனங்கள் எல்லாம் பத்து வயதைத் தாண்டிவிட்ட வீடு என்றால் பேசாமல் அவற்றை எடுத்துவிடச் சொல்லி வாடகையைக் குறைத்துக் கேளுங்கள். உரிமையாளருக்கும் தலைவலி விட்டது.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பதை மட்டும் எந்த ஏற்பாட்டிலும் உரிமையாளரிடமே விடுகிறேன். பொருள் அவருடையது. ஆனால் அவர் யோசித்துக்கொண்டிருக்கும் நாட்களுக்கு வாடகை குறைய வேண்டும் என்று கேட்பது தவறல்ல. ஃப்ரிட்ஜுக்கும் சேர்த்துத்தானே அந்த வாடகை.

இதெல்லாம் இனி எழுதப்போகும் ஒப்பந்தத்துக்கு. ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லாமல் இன்று காலை கீசர் நின்றுவிட்டது என்றால், மெக்கானிக்கை அழைக்கும் முன் உரிமையாளருக்கு எழுத்தில் தகவல் அனுப்புங்கள். தொலைபேசியில் சொன்னதைப் பிறகு நிரூபிப்பது கடினம். தகவல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இங்கிலாந்தில் அப்போது உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1973இல் தீர்த்த ஓ'பிரையன் எதிர் ராபின்சன் வழக்கைச் சொல்வார்கள். உட்கூரை இடிந்து குடியிருந்தவர்கள்மேல் விழுந்தது. அந்தக் குறை உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை என்பதால் அவர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு வந்தது. கூரைக்கே அப்படி என்றால் கீசருக்கு என்ன சொல்ல?

தகவல் கொடுத்து, நியாயமான காலம் பொறுத்தும் வேலை நடக்கவில்லை என்றால், செய்துவிட்டு வாடகையில் கழிக்கும் வழி பல சட்டங்களில் இருக்கிறது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதுவேலையைக் குடியிருப்பவரே செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மாதிரி வாடகைச் சட்டம் ஒரு மாதத்தில் கழிப்பது அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது என்கிறது. கலிபோர்னியாவில் செலவு ஒரு மாத வாடகைக்குள் அடங்க வேண்டும், பன்னிரண்டு மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. மூன்றிலும் பொதுவான கவனம் ஒன்று வேண்டும்: அந்தப் பழுது உரிமையாளர் கடமைப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கீசரைக் குடியிருப்பவர் பட்டியலில் வைத்த சட்டம் உங்களை ஆளுகிறது, ஒப்பந்தத்திலும் மாற்றி எழுதவில்லை என்றால், கழித்த தொகை வாடகை பாக்கியாகத் திரும்பி வந்து நிற்கும்.

மாற்றிய பழைய பாகத்தை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். சுண்ணாம்பு படிந்த கம்பியை ஒரு பையில் போட்டு, பில்லை அதோடு சேர்த்துக் கட்டி, தேதி எழுதிப் பரண்மேல் வையுங்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கும் நாளில் மேசைமேல் வைக்க ஏதாவது வேண்டும்.